தீ இடர் மதிப்பீட்டை எப்போது புதுப்பிப்பது? மலையக வேலைத்தளங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

22 வருடம் தேயிலை பெக்டரியில் வேலை பார்த்தேன். கடைசி ஒன்பது வருடம் பாதுகாப்புப் பொறுப்பும் என்னிடம்தான் இருந்தது. இப்போது ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் பெக்டரி, கடை, கெஸ்ட் ஹவுஸ் என்று கூப்பிடுகிற இடத்துக்குப் போய்த் தீப் பாதுகாப்பைச் சொல்லிக் கொடுக்கிறேன். எங்கே போனாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. நான் சொல்லும் பதில்களோடு அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

தீ இடர் மதிப்பீடு என்றால் என்ன? அது பெரிய கம்பனிகளின் வேலை இல்லையா?

பெயர்தான் பெரியது. உங்கள் வேலைத்தளத்தைச் சுற்றி நடந்து, இங்கே எது தீப்பிடிக்கும், எது அதைப் பற்ற வைக்கும், அந்த நேரத்தில் யார் யார் உள்ளே இருப்பார்கள், அவர்கள் எந்த வழியாக வெளியே போவார்கள் என்று பார்ப்பது. பார்த்ததை எழுதுவது. குறை இருந்தால் யார், எந்தத் தேதிக்குள் சரிசெய்வார் என்றும் எழுதுவது. அவ்வளவுதான்.

நான்கு பேர் வேலை செய்யும் பேக்கரிக்கும் இது பொருந்தும், நூறு பேர் வேலை செய்யும் பெக்டரிக்கும் பொருந்தும். பேக்கரிக்கு இரண்டு பக்கம் போதும்.

போன வருடம் எழுதிய பைல் இருக்கிறது. எதுவும் பெரிதாக மாறவில்லை. தேதியை மட்டும் மாற்றினால் என்ன?

இந்தக் கேள்விக்கு என் சொந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

நான் வேலை பார்த்த ஒரு பெக்டரியில் நானும் அதைத்தான் செய்தேன். முதல் வருடம் உண்மையாக நடந்து பார்த்து எழுதினேன். அடுத்த இரண்டு வருடமும் கணனியில் அதே பைலைத் திறந்து, தேதியை மாற்றி, பிரிண்ட் எடுத்து, கையெழுத்து வாங்கி வைத்தேன். அதில் ஒரு வரி: "சிப்டிங் பக்கத்துப் பின்கதவு: தடையில்லை." சிப்டிங் என்றால் காய்ந்த தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும் இடம்.

இடையில் என்ன நடந்தது என்றால், பொதி கட்டும் இடம் போதாமல் காகிதச் சாக்குகளைப் பின்பக்கம் அடுக்கத் தொடங்கினார்கள். முதலில் ஒரு வரிசை, அப்புறம் இரண்டு. பின்கதவு ஆளுயரத்துக்கு மறைந்துபோனது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. மழை நாளில் சாக்கு நனையாமல் இருக்க அதுதான் நல்ல இடம்.

ஒரு இரவு, இரண்டு மணி கடந்திருக்கும், கரண்ட் போனது. ஜெனரேட்டர் பிடிக்கவில்லை. தேயிலையைச் சூடான காற்றில் காயவைக்கும் ட்ரையருக்குள் நின்றுபோன தூள் கருகிப் புகை கிளம்பியது. சிப்டிங் பக்கம் நின்ற ஆறு பேரும் இருட்டில் பழக்கத்துக்குப் பின்கதவைத் தேடிப் போனார்கள். கைக்குப் பட்டது சாக்கு. புகைக்குள் திரும்பி முன்வழியாக வந்தார்கள். ஒரு அக்கா படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். உயிர்ச்சேதம் இல்லை. தீயும் ட்ரையரைத் தாண்டவில்லை.

மறுநாள் காலை பைலை எடுத்துப் பார்த்தேன். "தடையில்லை" என்று என் கையெழுத்தோடு இருந்தது. அந்த அக்காவை டிக்கோயா ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது அவர் என்னிடம் கோபப்படவில்லை. "சாக்கு அங்க வச்சது எங்க எல்லாருக்கும் தெரியும் தம்பி, ஒங்களுக்குத்தான் தெரியாது போல" என்றார். அதற்குப் பிறகு நடந்து பார்க்காமல் ஒரு வரியிலும் கையெழுத்து வைத்ததில்லை.

அப்படியென்றால் எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும்?

வருடத்துக்கு ஒரு தடவையாவது முழுதாகப் பார்க்க வேண்டும். பெக்டரி, ஹோட்டல் போன்ற இடங்களில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்ப்பது நல்லது. ஆனால் எந்த மாதம் என்பதைக் கலண்டரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வானத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மேற்குப் பக்கம், அதாவது ஹட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சி. பகலில் வெயில், இரவில் பனி. ஊவாப் பக்கம், பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை காய்ந்த காற்று. இரண்டு பக்கமும் அந்தந்தக் காலத்தில்தான் வாசனையான நல்ல தேயிலை வருகிறது, நல்ல விலையும் போகிறது. அதே காலத்தில்தான் விறகு எலும்பாகக் காய்ந்து கிடக்கும், மலைச்சரிவுப் பத்தனைப் புல்லில் தீ ஓடும், ஓடையில் தண்ணீர் குறையும். தொட்டியை நிரப்பும் குழாயில் நூல் மாதிரித் தண்ணீர் வரும்.

ஆகவே மேற்குப் பக்கத்துக்காரர்கள் டிசம்பரிலும், ஊவாக்காரர்கள் ஜூனிலும் முழுச் சுற்றுப் போவது பொருத்தம். வறட்சி தொடங்குமுன் பார்த்தால்தான் புல்லை வெட்டவும் தொட்டியை நிரப்பவும் விறகைத் தள்ளி அடுக்கவும் நேரம் கிடைக்கும். இரண்டாவது சுற்றை மழைக்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கூரை ஒழுகி எந்த மின்பெட்டிக்குள் தண்ணீர் இறங்குகிறது என்பது மழையில்தான் தெரியும்.

இடையில் எது மாறினால் உடனே எடுத்துப் பார்க்க வேண்டும்?

எரியும் பொருள், பற்ற வைக்கும் பொருள், ஆட்கள், வழி ஆகிய நான்கில் எது மாறினாலும். பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது, நான் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

2022 நினைவிருக்கும். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டு. கேஸ் இல்லை, டீசல் இல்லை. கிடைத்த டீசலைப் பெரலில் பிடித்து ஜெனரேட்டர் பக்கத்திலேயே வைத்தார்கள். பெட்ரோலைப் பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றிக் கடை மேசைக்கு அடியில் வைத்தார்கள். கேஸில் சமைத்த கென்டீன்கள் விறகுக்கு மாறின. வேலைத்தளத்தின் தீ இடர் ஒரே மாதத்தில் தலைகீழாக மாறியது, ஆனால் பைலில் ஒரு எழுத்து மாறவில்லை. நெருக்கடி தணிந்த பிறகும் சில இடங்களில் அந்தப் பெரல் அங்கேயே நின்றதைப் பார்த்தேன். அவசரத்துக்கு வைத்த பொருள் நிரந்தரமாகத் தங்கிவிடும். அதைக் கவனியுங்கள்.

அதற்கு முந்திய வருடக் கடைசியில், 2021 நவம்பர், டிசம்பரில், நாடு முழுக்கக் கேஸ் அடுப்புகள் வெடித்த செய்தி தொடர்ந்து வந்தது. சிலிண்டருக்குள் இருந்த வாயுக் கலவை பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. நம் கையில் இருப்பது ஹோஸையும் ரெகுலேட்டரையும் பார்ப்பதுதான். சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையோடு ஓடிப் பள்ளத்தில் தேங்கும். நம் மலைச்சரிவுக் கட்டடங்களில் சமையலறைக்குக் கீழே ஒரு தளம் இருப்பது சாதாரணம். சிலிண்டரை இடம் மாற்றினால், கசியும் கேஸ் எங்கே போய்த் தேங்கும் என்று ஒரு தடவை யோசித்து எழுதுங்கள்.

கூரையில் சோலார் பூட்டினால் உடனே புதுப்பியுங்கள். மெயின் சுவிட்சை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை பலகைகளிலிருந்து இறங்கும் வயரில் மின்சாரம் இருக்கும். தீயணைப்புக்காரர்கள் வந்ததும் முதலில் சொல்ல வேண்டிய செய்தி அது. பிரிக்கும் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதும் வரைபடத்தில் இருக்க வேண்டும்.

வெல்டிங் வேலை. இதை நான் எங்கே போனாலும் அழுத்திச் சொல்வேன். பழைய பெக்டரிகளில் மேல்தளம் பலகை. அறுபது எழுபது வருடத்து எண்ணெயும் தூளும் ஊறிய பலகை. வெல்டிங் பொறி ஒரு இடுக்கில் விழுந்தால் உடனே தெரியாது, உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். வேலை முடித்தவர் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகுதான் பற்றும். ஆகவே வெல்டிங் நடக்கும் நாளில் அதற்கென்று தனியாக ஒரு தாளில் எழுதி, சுற்றிலும் கூட்டித் தண்ணீர் தெளித்து, வேலை முடிந்து குறைந்தது ஒரு மணித்தியாலம் ஒருவர் அங்கேயே காவல் நிற்க வேண்டும்.

இடத்தின் பாவனை மாறினாலும் பழைய பைல் செல்லாது. கந்தப்பளையில் பழைய ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை இன்று ஹோட்டல். ஹந்தானையில் பழைய பெக்டரி ஒன்று தேயிலை அருங்காட்சியகம். இவ்வளவு பெரிய மாற்றம் என்றால் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் நடப்பது சின்ன மாற்றம்தான்: ஸ்டோர் ரூமில் இரண்டு கட்டில் போட்டு ஆட்களைத் தங்க வைப்பது, வராண்டாவை அடைத்து அலுவலகம் ஆக்குவது.

கடைசியாக, சின்னத் தீ ஒன்று பற்றி அணைந்தால், அல்லது பற்றப் பார்த்தால், அன்றைக்கே பைலைத் திறங்கள். "ஒன்றும் ஆகவில்லையே" என்று விட்டுவிடாதீர்கள்.

தேயிலை பெக்டரியில் எந்த இடத்தை அதிகம் கவனிக்க வேண்டும்?

ட்ரையரும் அதன் அடுப்பும்.

பச்சைக் கொழுந்தில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். அது வாடி, அரைபட்டு, ட்ரையரை விட்டு வெளியே வரும்போது ஈரம் ஏறக்குறைய 3 சதவீதம்தான். அந்த அளவுக்குக் காய்ந்த பொருளைக் குவியல் குவியலாகக் கையாளும் இடத்துக்கு நடுவிலேயே விறகு அடுப்பு எரிகிறது.

நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் வயதான அடுப்புக்காரர் ஒருவர் இருந்தார். முதல் நாளே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, கரண்டு போனா காத்தாடி நிக்கும். அடுப்பு நிக்காது." இந்த ஒரு வாக்கியத்துக்குள் ட்ரையரின் தீ இடர் முழுதும் இருக்கிறது. காற்றாடி நின்றால் சூடு போக வழியில்லை. தட்டில் இருக்கும் தூள் நகராது. அடுப்போ எரிந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் சூட்டை வெளியே விடும் திறப்பைத் திறக்க வேண்டும், விறகை இழுக்க வேண்டும், தட்டில் உள்ள தூளை இறக்க வேண்டும். இதை யார் செய்வது, இருட்டில் எந்த டோர்ச்சோடு செய்வது, அவர் லீவில் இருந்தால் யார்? உங்கள் மதிப்பீட்டில் இதற்குப் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அடுப்புக்காரர் ஓய்வுபெற்றுப் புது ஆள் வந்தால் அதுவும் ஒரு மாற்றம்தான். மெஷின் மாறவில்லை, ஆனால் அனுபவம் போய்விட்டது.

ட்ரையர் வாயிலிருந்து கனல் பிடித்த தூள் கொஞ்சம் வெளியே வந்தாலும் அது சிப்டிங் பக்கம் வரை பயணம் போகும். ஆறாத தூளைக் குவிக்கக் கூடாது. சிப்டிங் அறையில் பஞ்சு மாதிரி மிதக்கும் மெல்லிய தூசி உத்தரத்திலும் லைட்டின் மேலும் மோட்டாரின் மேலும் படியும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், கோடு தெளிவாகத் தெரிந்தால் துடைக்கும் நாள் தள்ளிப்போயிருக்கிறது. கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் துடைப்பதற்கு நேரம் இருக்காது. படிவதும் அந்த மாதங்களில்தான் அதிகம்.

சாம்பல் மறக்கப்படும் பொருள். அடுப்பிலிருந்து வாரிய சாம்பல் மேலே வெள்ளையாகக் குளிர்ந்து தெரிந்தாலும் உள்ளே ஒரு நாள் கழித்தும் கனல் இருக்கலாம். அதை விறகுக் கொட்டிலின் ஓரத்தில் கொட்டுவதை நான் எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். தகரப் பீப்பாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள்.

சட்டம் இதைக் கேட்கிறதா?

தொழிற்சாலைகளுக்கு 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதகப் பொறியியலாளர்கள் அதைப் பார்க்கிறார்கள். தீ நேரத்தில் தப்பும் வழி வேண்டும், ஆட்கள் உள்ளே இருக்கும்போது கதவை உள்ளேயிருந்து உடனே திறக்க முடியாதபடி பூட்டக் கூடாது என்பவை அதில் உள்ளவை. பழைய சட்டம்தான், ஆனால் அந்தக் கதவு விஷயம் இன்றும் உயிர்நாடி.

"தீ இடர் மதிப்பீடு" என்ற இந்தப் படிவ முறை பெரும்பாலும் வெளியிலிருந்து, சான்றிதழ்களோடும் தேயிலை வாங்குவோரின் ஆடிட்டோடும் வந்தது. இங்கிலாந்தில் 2005இல் வந்த தீப் பாதுகாப்பு ஆணைப்படி மதிப்பீடு கட்டாயம். நிலைமை கணிசமாக மாறினாலோ, பழைய மதிப்பீடு இனிப் பொருந்தாது என்று தோன்றினாலோ மறுபரிசீலனை செய்தே ஆக வேண்டும். இத்தனை மாதம் என்று கணக்கில்லை, மாற்றம்தான் கணக்கு. எனக்கு அந்த அணுகுமுறை சரியாகப் படுகிறது.

காப்புறுதியையும் மறக்க வேண்டாம். கூடுதல் எரிபொருள் சேமிப்பு, புது மெஷின், கட்டட மாற்றம் போன்றவற்றைக் காப்புறுதிக் கம்பனிக்குச் சொல்லாமல் விட்டால் இழப்பீடு கேட்கும் நாளில் சிக்கல் வரலாம்.

ஆடிட்டில் பாஸ் ஆகிவிட்டோம். அது போதாதா?

போதாது. 2012 செப்டம்பர் 11ஆம் தேதி கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலை எரிந்தது. 250க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன, ஜன்னல்களில் கம்பி. அதே தொழிற்சாலைக்குச் சில வாரங்களுக்கு முன்தான் சர்வதேசத் தரச் சான்றிதழ் ஒன்று கிடைத்திருந்தது.

அங்கே வேலை செய்தவர்களும் நம் ஆட்கள் மாதிரித்தான், மாதச் சம்பளத்துக்காக வந்தவர்கள். பயிற்சி வகுப்புகளில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் கம்மிவிடும். ஆடிட்காரர் வரும் நாளில் பின்கதவுச் சாக்குகளை அகற்றி, அவர் போன மறுநாள் திரும்ப அடுக்கும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. தயவுசெய்து அதை விடுங்கள்.

எங்களுடையது சின்னக் கடை. நான்கு பையன்கள்தான். எதைப் பார்க்க?

பையன்கள் இரவில் எங்கே தூங்குகிறார்கள் என்பதைப் பாருங்கள்.

மலையக டவுன்களில் கடைகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. பல இடங்களில் கூரைக்குக் கீழே நடுச்சுவரே இல்லை, இருந்தாலும் பலகை. ஒரு கடையில் பற்றினால் வரிசையே போகும். வேலைக்கு நிற்கும் பையன்கள் தோட்டத்திலிருந்து வந்தவர்கள், மேல் பலகைத் தட்டில் படுக்கிறார்கள். கீழே துணி, பிளாஸ்டிக், தீப்பெட்டி, தேங்காய் எண்ணெய். முதலாளி வெளியே ஷட்டரை இழுத்துப் பூட்டிச் சாவியோடு வீட்டுக்குப் போகிறார். களவுக்குப் பயந்து செய்வதுதான், கெட்ட மனதால் இல்லை. ஆனால் அந்தப் பையன்களுக்கு அது பூட்டிய பெட்டி.

உள்ளேயிருந்து திறக்கும் ஒரு வழி கட்டாயம் வேண்டும். பின்னால் கதவு இல்லையென்றால் மேல் ஜன்னல் கம்பியில் ஒரு பகுதியைத் திறக்கும்படி செய்து, ஏணி வையுங்கள். புகை உணரும் கருவி ஒன்றைப் படிக்கு மேலே மாட்டுங்கள். பற்றரியில் வேலை செய்யும் சாதாரணக் கருவி போதும். புதுப் பையன் ஒருவன் வந்து சேர்ந்த அன்றைக்கே அவனை அழைத்துப்போய் அந்த வழியைத் தன் கையால் திறக்க வையுங்கள். அதுதான் உங்கள் மதிப்பீட்டின் புதுப்பிப்பு.

அப்புறம் பியூஸ். அடிக்கடி போகிறது என்று தடித்த செப்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்பார்கள். அது மின்கசிவுக்கு விழும், வயர் தாங்காத அளவுக்குச் சுமை ஏறினால் அது மட்டும் காப்பாற்றாது.

நுவரெலியாவில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறோம். ஏப்ரல் சீசனுக்குத் தனியாக ஏதாவது?

கட்டாயம். பத்து அறையில் இருபது பேர் என்று எழுதிய மதிப்பீடு, ஏப்ரலில் கூடத்தில் மெத்தை போட்டு நாற்பது பேரைத் தங்க வைக்கும்போது பொருந்தாது. மார்ச் மாதமே சீசன் கணக்கில் ஒரு தாள் எழுதுங்கள். எத்தனை ஹீட்டர் ஒரே நேரத்தில் ஓடும், முற்றத்தில் வைக்கும் அடுப்பு எங்கே, வாகனங்கள் பாதையை அடைத்தால் தீயணைப்பு வண்டி எப்படி வரும் என்பவையெல்லாம் அதில் வரட்டும்.

ஊருக்குப் புதியவர்களுக்கு இருட்டில் வழி தெரியாது. அறைக் கதவின் பின்னால் வரைபடம் ஒட்டுங்கள். குளிருக்குக் கரிச்சட்டியை அறைக்குள் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். தீ மட்டுமல்ல, மூடிய அறையில் அந்தக் கரியிலிருந்து மணமே இல்லாத நச்சு வாயு வரும், தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

பிள்ளைமடுவமும் லயமும் இதில் சேருமா?

பிள்ளைமடுவம், அதாவது தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம், கட்டாயம் சேரும், அங்கே ஒருவர் வேலை செய்கிறார். ஒரு ஆயா, பதினைந்து பிள்ளைகள், அதில் நடக்கத் தெரியாத நான்கு பேர். அந்த நான்கு பேரையும் அவர் எப்படி ஒரே நேரத்தில் தூக்குவார்? பக்கத்தில் யார் ஓடி வருவார்கள்? பிள்ளைகளின் எண்ணிக்கை மாறும்போதெல்லாம் இதை மறுபடி கேளுங்கள். பால் காய்ச்சும் அடுப்பு கதவுக்குப் பக்கத்தில் இருந்தால் இடம் மாற்றுங்கள்.

லயம், அதாவது தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீடு, வேலைத்தளம் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். பழைய லயத்தில் ஒரே கூரை, காம்பராக்களுக்கு மேலே தடுப்பு இல்லாத வெற்றிடம். ஒரு காம்பராவில் பற்றினால் மேலே ஓடிப் பத்துக் காம்பராவும் போய்விடும். பகலில் எல்லோரும் மலைக்குப் போயிருப்பார்கள், வீட்டில் வயதானவர்களும் பிள்ளைகளும்தான். பெக்டரிக்கும் விறகுக் கொட்டிலுக்கும் பக்கத்தில் லயம் இருந்தால் அதை உங்கள் மதிப்பீட்டில் எழுதாமல் விடுவதை என்னால் ஏற்க முடியாது.

யார் செய்ய வேண்டும்? வெளியிலிருந்து ஆள் கூப்பிட வேண்டுமா?

மின்சாரம், பெரிய கட்டட மாற்றம் என்றால் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். மற்றபடி உங்கள் இடத்தை நன்றாகத் தெரிந்தவர்கள் உள்ளேயே இருக்கிறார்கள். தேயிலை தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர் ஒருவர், இரவு ஷிப்ட்டில் ஒருவர், கூட்டித் துடைக்கும் அக்கா ஒருவர். இந்த மூன்றாவது ஆளைத்தான் எல்லோரும் மறப்பார்கள். எந்த மூலையில் எது குவிகிறது என்பது துடைப்பம் பிடிப்பவருக்குத்தான் முதலில் தெரியும்.

இன்னொன்று, மொழி. மதிப்பீடு ஆங்கிலத்தில் இருக்கிறது, மேலே கையெழுத்துப் போடுபவர் சிங்களத்தில் பேசுகிறார், வேலை செய்பவர்கள் தமிழில் வாசிக்கிறார்கள். கதவுக்கு மேல் இருக்கும் பலகையும் ஆங்கிலம். ஆடிட்டுக்கு ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தப்பும் வழி, கூடும் இடம், யார் என்ன செய்வது என்ற ஒரு பக்கம் தமிழிலும் சிங்களத்திலும் சுவரில் இருக்க வேண்டும். எழுத்து வாசிக்காதவர்கள் இருப்பார்கள். காலையில் வேலை பிரிக்கும் பிரட்டில் வாயால் சொல்லுங்கள்.

தீயணைப்புக் கருவிகளைப் பற்றி என்ன எழுதுவது?

எது எங்கே இருக்கிறது, எப்போது சர்விஸ் செய்தது. மாதம் ஒரு தடவை கண்ணால் பார்ப்பது, வருடம் ஒரு தடவை சர்விஸ். பவுடர் கருவியில் முள் பச்சையில் நிற்க வேண்டும். சீ.ஓ.டூ கருவியில் பெரும்பாலும் முள் இருக்காது, எடை போட்டுத்தான் தெரியும். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடியால் மூடி அடுப்பை அணைக்க வேண்டும்.

பழைய தாளைக் கிழித்துப் போடலாமா? புதியதை எப்படி எழுதுவது?

கிழிக்க வேண்டாம், பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே குறை மூன்று வருடமாகத் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தால் அதைப் பார்த்தாலே தெரியும்.

வரியை முழுதாக எழுதுங்கள். "தீயணைப்பு வசதி திருப்திகரம்" என்பதில் ஒன்றும் இல்லை. "பின்கதவுக்கு முன் மூன்று அடி இடம் மஞ்சள் கோடு போட்டுக் காலியாக விடப்பட்டிருக்கிறது, 4ஆம் தேதி பார்த்தபோது இரண்டு சாக்கு இருந்தது, அகற்றப்பட்டது, இரவு ஷிப்ட் பொறுப்பாளர் தினமும் பார்ப்பார்" என்று எழுதுங்கள். இடையில் மாற்றம் வந்தால் முழுதும் திரும்ப எழுதத் தேவையில்லை. ஒரு பயிற்சிக் கொப்பியைக் கதவுப் பக்கம் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். யார் எதை இடம் மாற்றினாலும், எந்தக் குறையைக் கண்டாலும் அதில் ஒரு வரி எழுதட்டும். வாரம் ஒரு தடவை அதைப் பார்த்து மதிப்பீட்டைத் திருத்துங்கள். நான் பார்த்ததில் நன்றாக வேலை செய்தது இதுதான்.

குறையை எழுதி வைத்தால் நாளைக்கு நாங்களே மாட்டிக்கொள்ள மாட்டோமா?

முகாமையாளர்கள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கும் கேள்வி. குறையைக் கண்டு எழுதி, தேதி போட்டு, சரிசெய்தவர் பக்கம்தான் நியாயம் இருக்கும். தெரிந்தும் "தடையில்லை" என்று எழுதியவர் பக்கம் எதுவும் இருக்காது. அதை நான் அனுபவித்தவன்.

உடனே செய்யப் பணம் இல்லையென்றால், பணம் வரும்வரை என்ன தற்காலிக ஏற்பாடு என்பதையும் எழுதுங்கள். பழைய வயரை மாற்ற ஆறு மாதம் ஆகுமா? சரி, அதுவரை அந்த அறையில் ஹீட்டர் வேண்டாம், இரவில் மெயினை அணைக்கலாம்.

ஒத்திகை வேண்டுமா? வேலை கெடுமே.

பத்து நிமிடம். வருடம் இரண்டு தடவை, அதில் ஒன்று இரவு ஷிப்ட்டில், லைட்டை அணைத்து. கூடும் இடத்தை முதலில் நேரில் பாருங்கள். நம் இடங்களில் சமதரை குறைவு. மண்மேட்டுக்குக் கீழேயோ, தீயணைப்பு வண்டி வரும் ஒரே பாதையிலோ ஆட்களை நிறுத்தாதீர்கள். மழைக்காலத்தில் மேடு சரிந்தால் கூடும் இடத்தையும் மாற்றி எழுதுங்கள்.

தீப்பிடித்தால் யாரைக் கூப்பிடுவது? தோட்டத்துக்கு வண்டி வந்து சேருமா?

தீயணைப்புக்கு 110, அம்பியூலன்ஸுக்கு 1990. இரண்டையும் சுவரில் பெரிதாக எழுதுங்கள். அதோடு உங்கள் பகுதிக்குக் கிட்டிய தீயணைப்புப் பிரிவின் நேரடி எண்ணையும் கேட்டு எழுதுங்கள், எண் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை அழைத்துப் பாருங்கள். சில பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடைக்காது. எந்த இடத்தில் நின்றால் போன் எடுக்கும் என்பதும் மதிப்பீட்டில் இருக்க வேண்டிய வரி.

டவுனிலிருந்து தோட்டத்துக்கு வண்டி வர நேரம் எடுக்கும், அதுவும் வளைவுப் பாதையில், மூடுபனியில். ஆகவே அழைப்பவர் என்ன சொல்ல வேண்டும் என்பதைத் தாளில் எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டுங்கள்: தோட்டத்தின் பெயர், டிவிஷன், மெயின் ரோட்டில் எந்தச் சந்தியில் திரும்புவது, பாலம் கனமான வண்டியைத் தாங்குமா, தண்ணீர் எங்கே எடுக்கலாம். மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று ஒரே பெயரில் இரண்டு இருந்தால் எது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அழைத்து முடித்ததும் ஒருவர் டோர்ச்சோடு சந்திக்கு ஓட வேண்டும். அவர் பெயரையும், அவர் இல்லாத நாளில் போகிறவரின் பெயரையும் அந்தத் தாளின் அடியில் எழுதி வையுங்கள்.